காரின் 12 வோல்ட்டை நம்பலாமா?

மாணவர்களே, ஜாலான் பாசாரில் 7805 மின்னழுத்தச் சீராக்கி ஒன்றை வாங்கி, அப்பாவின் காரில் எல்இடி விளக்கோ ஆர்டுயினோ கருவியோ பொருத்த ஆசையா? நல்ல முயற்சி. ஆனால், வீட்டு மேசையில் 12 வோல்ட் அடாப்டரில் வேலை செய்துவிட்டால் மட்டும் அது காருக்குத் தயாராகிவிடாது. பாதுகாப்புப் பாகங்கள் இல்லாத மின்சுற்று, பாதியில் நிற்கும் மின்சுற்று என்பதே என் கருத்து.

காரின் 12 வோல்ட் என்பது பெயரளவில்தான். இயந்திரம் ஓடும்போது அது 14 வோல்ட்டைத் தாண்டும். அந்த நேரத்தில் பேட்டரி இணைப்பு கழன்றால் ஆபத்து பெரிது. ஆல்டர்நேட்டரின் காந்தப்புலம் உடனே அடங்காது, பேட்டரிக்குள் போய்க்கொண்டிருந்த மின்னோட்டத்துக்குப் போக்கிடம் இராது, மின்னழுத்தம் எகிறிவிடும். படிவம் ஐந்தில் படிக்கும் மின்காந்தத் தூண்டல்தான் இது! தடுப்பு இல்லாத ஆல்டர்நேட்டர்களுக்காக ஐஎஸ்ஓ 16750 தரநிலை வகுத்துள்ள சோதனை 79 முதல் 101 வோல்ட் வரை செல்கிறது. 7805 தாங்கக்கூடிய உச்ச வரம்போ 35 வோல்ட்தான்.

என்ன செய்யலாம்? பேட்டரிக்கு அருகிலேயே சிறிய உருகி ஒன்றைப் பொருத்துங்கள். கம்பி தீப்பற்றாமல் அது காக்கும். அடுத்து, கம்பியை மாற்றி இணைத்துவிட்டால் தடுக்க, தொடரிணைப்பில் ஒரு டையோடு. அதன் பின், குறுக்கே ஒரு டிவிஎஸ் டையோடு. பி6கேஇ18ஏ வகை, திடீர் எகிறலை ஏறக்குறைய 25 வோல்ட்டில் அடக்கும். எகிறல் நீடித்தால் அது பழுதாகலாம். பழுதானால் பெரும்பாலும் குறுக்குச்சுற்றாகி உருகியை அறுத்துவிடும். உள்ளீட்டு மின்தேக்கி 16 வோல்ட் வகையாக இருக்கக்கூடாது. 35 வோல்ட்டோ அதற்கு மேலோ வேண்டும்.

வெப்பத்தையும் மறக்காதீர்கள். 14 வோல்ட்டை 5 ஆகக் குறைத்து அரை ஆம்பியர் எடுத்தால், 4.5 வாட் வெப்பமாகிறது. பங்சாரில் நண்பகல் வெயிலில் நிறுத்திய காருக்குள் இது சாதாரணமல்ல. வெப்பத்தகடு பொருத்துங்கள், அல்லது ‘பக்’ வகைச் சீராக்கியைப் பயன்படுத்துங்கள்.

“நண்பனின் கருவி இவை எதுவும் இல்லாமல் ஒரு மாதமாக ஓடுகிறதே” என்பீர்கள். பேட்டரி இணைப்பு கழலாத மாதம் அது, அவ்வளவுதான். இப்பாகங்களின் விலை சில ரிங்கிட். பணயத்தில் இருப்பதோ குடும்பத்தின் கார்.

ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: மாணவர் படைப்புகளை மதிப்பிடும்போது, “வேலை செய்கிறதா?” என்பதோடு நிறுத்தாதீர்கள். “தவறு நேர்ந்தால் முதலில் எது அறுபடும்?” என்றும் கேளுங்கள். உருகியைக் காட்டும் மாணவருக்குத் தாராளமாகப் புள்ளிகள் கொடுங்கள்.