எண்ணெய் எந்த ஊர் என்று கேளுங்கள்



எமது கரையோரக் கிராமங்களில் வலி எண்ணெயும் வாசனைச் சவர்க்காரமும் செய்து விற்கும் மாதர் குழுக்களைச் சந்திக்கும்போது, என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்வி ஒன்று உண்டு. "மிஸ், எந்த எண்ணெயோட எதக் கலக்கிற?" என்பதே அது. கலப்பதற்கு முன் நாம் கேட்டறிய வேண்டியது வேறொன்று. இந்த எண்ணெய் எந்த ஊரில் விளைந்தது? மரத்தின் எந்தப் பகுதியிலிருந்து எடுக்கப்பட்டது?

கறுவாவையே எடுத்துக்கொள்வோம். இலங்கைக் கறுவா பெரும்பாலும் காலி, மாத்தறை மாவட்டங்களில் விளைகிறது. 2022ஆம் ஆண்டு ஐரோப்பிய ஒன்றியம் அதற்குப் புவிசார் குறியீடு வழங்கியது. பட்டை உரித்தபின் மிஞ்சும் இலைகளை அவித்து வடிப்பது இலை எண்ணெய். இதில் கூடுதலாக இருப்பது யூஜினோல்; கராம்பில் இருப்பதும் இதுவே. பட்டை எண்ணெயில் கூடுதலாக இருப்பது சினமல்டிஹைட். அது தோலைச் சிவக்க வைத்து எரிச்சல் தரும். சீனக் கறுவா எனப்படும் கசியா எண்ணெயும் அத்தகையதே. வேரில் வடித்தாலோ கற்பூர வாசம்தான் மேலோங்கும். ஒரே மரத்தில் மூன்று எண்ணெய்கள்!

கல்முனைக்குத் தெற்கே ஒரு குழுவினர் வழக்கமாகக் கறுவா இலை எண்ணெய் சேர்த்தே மூட்டுவலி எண்ணெய் செய்துவந்தனர். ஒரு முறை கடையில் வேறு போத்தல் கிடைத்தது. அதிலும் "கறுவா எண்ணெய்" என்றே எழுதியிருந்தது. அதே அளவில் கலந்தார்கள். வாங்கிய ஒரு மூதாட்டிக்கு முழங்கால் இரண்டும் சிவந்து கொப்பளித்துவிட்டன. குழு அந்தத் தொகுதி முழுவதையும் திருப்பி எடுத்துப் பணத்தைக் கொடுத்தது. சுழற்சிக் கடனில் தொழில் நடத்தும் பெண்களுக்கு அது சிறிய நட்டமில்லை. முகர்ந்து பார்த்திருந்தால் வித்தியாசம் தெரிந்திருக்கும். இலை எண்ணெய் கராம்பு போல மணக்கும். பட்டையும் கசியாவும் கறிக்குப் போடும் கறுவா போல மணக்கும்.

புல்லெண்ணெயிலும் இப்படித்தான். மாத்தறை, அம்பாந்தோட்டைப் பக்கம் விளையும் நமது சிற்றனெல்லாவில், சிற்றனெல்லால் என்ற பொருள் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு. யாவா இனத்தில் அது மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். ஆகவே யாவா எண்ணெய்க்காக எழுதப்பட்ட செய்முறையை நமது எண்ணெய்க்கு அப்படியே பின்பற்றினால் அதே வாசம் வராது. வாசம் போதவில்லை என்று துளிகளைக் கூட்டிக்கொண்டே போகவும் கூடாது.

யூக்கலிப்டஸ் எண்ணெயைத் தமிழ்நாட்டில் நீலகிரித் தைலம் என்பார்கள். அவுஸ்திரேலியாவிலிருந்து 1840களில் நீலகிரி மலைக்குக் கொண்டுவந்து நட்ட மரம் அது. வந்த மரத்துக்கு வளர்ந்த ஊரே பெயராயிற்று.

கை, கால் உளைவுக்கு ஒரு கலவை சொல்கிறேன். தேங்காயெண்ணெய் 100 மில்லிலீற்றர், யூக்கலிப்டஸ் 20 துளி, கறுவா இலை எண்ணெய் 8 துளி. கறுவா இலை, கராம்பு எண்ணெய்கள் இரண்டும் சேர்ந்து இந்த அளவுக்கு 10 துளியைத் தாண்டக்கூடாது. பட்டை எண்ணெயையும் கசியாவையும் தோலில் பூசும் எதிலும் சேர்க்க வேண்டாம். முதலில் முழங்கையின் உட்புறத்தில் சிறிது தடவி ஒரு நாள் பொறுத்துப் பாருங்கள். ஆறாத புண்ணிலும், கர்ப்பிணிகளுக்கும், சிறு பிள்ளைகளுக்கும் பூச வேண்டாம். ஷெல் காயத் தழும்புள்ள இடத்தில் தோல் மெல்லியதாக இருக்கும். அங்கே தவிர்ப்பது நல்லது. பிழிந்த தேசிக்காய்த் தோல் எண்ணெயைப் பூசிக்கொண்டு வெயிலில் போனால் தோல் கருகிவிடும். இவை எதையும் குடிக்கக் கொடுக்காதீர்கள். போத்தலைப் பிள்ளைகளுக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள்.

எண்ணெயின் ஊரைப் போலவே, பூசிக்கொள்பவரின் கதையையும் கேட்க வேண்டும். வாசனை நினைவைச் சட்டென்று கிளறிவிடும். ஒரு பயிற்சியில் கற்பூரம் சேர்ந்த கலவையை முகர்ந்ததும் ஒரு ராத்தா எழுந்து வெளியே போய்விட்டார். மையித்தைக் குளிப்பாட்டும் கடைசித் தண்ணீரில் கற்பூரம் சேர்ப்பது இங்குள்ள முஸ்லிம் குடும்பங்களில் வழக்கம். 2004 சுனாமியில் ஒரே நாளில் மூன்று பேரை அடக்கம் செய்த குடும்பம் அவருடையது. அவருக்குக் கற்பூரம் இல்லாமல் சிற்றனெல்லா மட்டும் சேர்த்துக் கொடுத்தோம். ஆகவே குழுவாகச் செய்யும்போது ஒவ்வொருவரும் முகர்ந்து, பிடித்ததைத் தாமே தெரிவு செய்யட்டும்.

கணவரை இழந்து இத்தா இருக்கும் நான்கு மாதம் பத்து நாளும் பெண்கள் மணம் பூசுவதில்லை. அந்தக் காலம் முடிந்து பல வருடங்கள் ஆன பின்னும், "இனி எனக்கெதுக்கு வாசம்" என்று ஒதுங்கியிருக்கும் சகோதரிகளைக் காண்கிறேன். மார்க்கம் விதித்த காலத்துக்கு மேல் ஊர்ப் பேச்சு விதிக்கும் காலத்தையும் நாம் சுமக்க வேண்டுமா?

ஒன்றை மறக்க வேண்டாம். இதமான வாசமும் ஒருவர் கை பிடித்துவிடுவதும் சற்று ஆறுதல் தரும், தூக்கத்துக்கு உதவும். போரும் சுனாமியும் மனதில் விட்டுச்சென்ற காயத்துக்கு இது மருந்தாகாது. நித்திரையின்மை, பயக் கனவு, வாழப் பிடிக்காத எண்ணம் இருந்தால் ஆஸ்பத்திரி உளநலப் பிரிவுக்குச் செல்லுங்கள். தேசிய உளநல நிறுவகத்தின் 1926 இலக்கத்துடனும் பேசலாம்.

விற்பனைக்குச் செய்பவர்கள் இன்றிலிருந்து ஒரு பழக்கத்தைத் தொடங்குங்கள். வாங்கும் ஒவ்வொரு போத்தலிலும் செடியின் பெயர், ஊர், இலையா பட்டையா, வாங்கிய திகதி ஆகிய நான்கையும் ஒரு துண்டுக் கடதாசியில் எழுதி ஒட்டுங்கள். கடைக்காரர் சொல்லத் தெரியாத எண்ணெயை வாங்காதீர்கள். உங்கள் குழுவை நம்பி வாங்குபவரும் எமது ஊர்ப் பெண் ஒருவர்தான்.

அடுத்த மாதம் சந்திப்போம்.