குழாய் இருக்கிறது, தண்ணீர் எங்கே?

லயத்தின் கோடியில் ஒரே பொதுக் குழாய். அதன் அடியில் வரிசையாகக் குடங்கள். முந்தியவர் பிந்தியவர் என்று ஓயாத சச்சரவு. அந்தக் காலத்தை நம் பெரியவர்கள் மறக்கவில்லை. இன்று அடுப்படிக்குள்ளேயே குழாய் வந்துவிட்டது. வரவேற்கிறோம். ஆனால் திறந்தால் நூல்போல் ஒழுகும் குழாயைக் காட்டி, "தண்ணீர் வசதி கொடுத்துவிட்டோம்" என்று எவரும் கணக்கு முடித்துவிட முடியாது.

பால்வெட்டுத் தொழிலாளி விடியுமுன் எழ வேண்டியவர். வெயில் ஏறினால் மரத்தில் பால் ஓட்டம் குறையும். ஆகவே லயத்தில் எல்லா அடுப்பும் ஒரே வேளையில் எரிகிறது. எல்லாக் குழாயும் ஒரே வேளையில் திறக்கிறது. நண்பகலில் நன்றாக வரும் தண்ணீர், அதிகாலையில் இளைத்துப் போகிறது. வாளி நிறையக் காத்திருக்கும் பெண்ணுக்காகப் பெரட்டு காத்திருப்பதில்லை.

நாம் வாழ்வதோ வறண்ட நாட்டில் அல்ல. உலு சிலாங்கூர் மலைகளில் இறங்கும் சிலாங்கூர் ஆறு, பெஸ்தாரி ஜெயா வழியாக ஓடி, கோலசிலாங்கூரில் கடலைச் சேர்கிறது. பத்தாங் பெர்ஜுந்தை என்று நாம் அழைத்துப் பழகிய அந்தப் பெஸ்தாரி ஜெயா வட்டாரத்திலும் புக்கிட் பாடோங்கிலும் பெரிய நீர்ச் சுத்திகரிப்பு நிலையங்கள் இயங்குகின்றன. தலைநகரின் மாடி வீடுகள்வரை ஏறும் தண்ணீர், ஆற்றங்கரைத் தோட்டத்து அடுப்படியில் ஏறாமல் நிற்கலாமா?

கோரிக்கை வைக்குமுன், குறை எங்கே என்று அறிந்துகொள்ள வேண்டும். இதற்கு இயந்திர ஞானம் வேண்டியதில்லை. ஒரு குழாயில் மட்டும் தண்ணீர் குறைந்தால், குற்றம் அந்தக் குழாயில். வாயில் உள்ள சிறு சல்லடையைத் திருகிக் கழற்றினால், மணலும் துருவும் அடைத்திருப்பது தெரியும். பழைய பல் துலக்கியால் தேய்த்துக் கழுவி மாட்டினால் போதும். வீடு முழுவதும் குறைந்தால், வீட்டு வால்வு பாதி மூடியிருக்கிறதா, குழாய் எங்கேனும் கசிகிறதா என்று பார்க்க வேண்டும். லயம் முழுவதும் குறைந்தால், குற்றம் வீட்டில் இல்லை. தொட்டியிலோ தோட்டத்துப் பெருங்குழாயிலோ, அதற்கும் அப்பாலோ இருக்கிறது.

தொட்டியின் உயரத்தைப் பொறுத்ததே தண்ணீரின் வேகம். சுமார் 10 மீட்டர் உயரம் இருந்தால்தான் ஏறத்தாழ 1 பார் அழுத்தம் கிடைக்கும். 3 மீட்டர் மேடைமேல் நிற்கும் தொட்டி, அதில் மூன்றில் ஒரு பங்குகூடத் தராது. பழைய இரும்புக் குழாயோ உள்ளே துருவேறிச் சுருங்கும். உள்விட்டம் பாதியானால், நீர் செல்லும் பரப்பு நான்கில் ஒன்றாகிவிடும். உராய்வு மிகுவதால் வரும் தண்ணீர் அதனினும் குறையும். இப்படிப்பட்ட லயத்தில் வீட்டுக்கு வீடு புதுக் குழாய் மாட்டுவது, ஓட்டைப் பானைக்கு வர்ணம் பூசுவது போன்றதே.

பெருங்குழாயிலேயே மோட்டாரை மாட்டித் தண்ணீரை இழுக்கவும் சிலர் துணியக்கூடும். அது அண்டை வீட்டுப் பங்கை உறிஞ்சுவதாகும். குழாயில் கசிவு இருந்தால் சாக்கடை நீரையும் உள்ளே இழுத்துவிடும். அந்த வழி வேண்டாம்.

சட்டம் என்ன சொல்கிறது? 1966-ஆம் ஆண்டின் குடியிருப்புச் சட்டத்திற்குப் பதிலாக வந்த 1990-ஆம் ஆண்டின் 446-ஆம் சட்டம், முதலாளி தரும் தொழிலாளர் குடியிருப்புகளுக்குக் குழாய்த் தண்ணீரை இலவசமாகவும் போதுமான அளவிலும் தருவதை முதலாளியின் கடமையாக்கியிருக்கிறது. "போதுமான அளவு" என்ற சொல்லை நன்றாகக் கவனியுங்கள். குழாய் நட்டால் மட்டும் கடமை தீராது. அதில் தண்ணீர் வர வேண்டும். மீட்டர்வரை பொறுப்பு, 2019 முதல் சிலாங்கூரின் நீர் விநியோகத்தை நடத்திவரும் ஆயர் சிலாங்கூர் நிறுவனத்துக்கு உரியது. மீட்டருக்கு இப்பால் தோட்டத்துக்குள் ஓடும் குழாய், உடைமையாளர் பொறுப்பு. தோட்டம் நீர் நிறுவனத்தைக் கைகாட்ட, நீர் நிறுவனம் தோட்டத்தைக் கைகாட்ட, நடுவில் தொழிலாளியின் பானை காய்வதை அனுமதிக்க முடியாது.

ஆகவே தோட்டக் கமிட்டிகளுக்கு ஒன்று சொல்வோம். ஒரு 10 லிட்டர் வாளியும் கடிகாரமும் எடுங்கள். அதிகாலையில் ஒருமுறை, நண்பகலில் ஒருமுறை, லயத்தின் முதல் வீட்டிலும் கடைசி வீட்டிலும் வாளி நிறைய எத்தனை நிமிடம் ஆகிறது என்று ஒரு வாரம் குறியுங்கள். 2 நிமிடத்தில் நிறைந்தால் நிமிடத்துக்கு 5 லிட்டர். 10 நிமிடம் பிடித்தால் 1 லிட்டர்தான். "தண்ணீர் சரியாக வரவில்லை" என்ற வாய்ப்பேச்சை நிர்வாகம் தட்டிக்கழிக்கலாம். தேதியும் நேரமும் உள்ள கணக்கைத் தட்டிக்கழிப்பது எளிதல்ல.

கிராணி நண்பர்களே, இங்கே உங்கள் பேனா உதவ வேண்டும். தண்ணீர் வராத லயத்தில் உங்கள் வீட்டு அடுப்பும் காத்துத்தான் கிடக்கிறது. அந்தக் கணக்கைக் கடிதமாக்கி நிர்வாகத்திடம் கொடுங்கள். பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள். பதில் வராவிட்டால், அதே நகல் தொழிலாளர் இலாகாவுக்குப் போகட்டும்.

சல்லடையைக் கழுவுவது நம் வேலை. அதை நாமே செய்வோம். தொட்டியை உயர்த்துவதும் துருப்பிடித்த குழாயை மாற்றுவதும் நிர்வாகத்தின் வேலை. அதைச் செய்ய வைப்பது சங்கத்தின் வேலை. இதில் சலுகை என்ற பேச்சுக்கே இடமில்லை. விடியுமுன் எழுந்து இந்த நாட்டுக்குச் செல்வம் சேர்த்த கைகள், முகம் கழுவத் தண்ணீர் கேட்கின்றன. அது வந்தே தீர வேண்டும்.