மஞ்சள் விளக்கு யாருக்கு?

தோட்டத்துக்காரனுக்கு சிக்னலைப் பத்தி என்ன பேச்சுன்னு கேப்பீங்க. வாரத்துல ரெண்டு நாள் தக்காளியும் கத்தரிக்காயும் ஏத்திக்கிட்டு குட்டியானையில கோயமுத்தூர் வர்றவன் நான். எங்க ஊர்ல சிக்னலே கிடையாது. குறுக்க ஆட்டுமந்தை வந்தா அதுதான் எங்களுக்குச் சிவப்பு விளக்கு. ஆனா டவுனுக்குள்ள நுழைஞ்சா, பச்சையையும் சிவப்பையும் எல்லாருக்கும் தெரியுது, நடுவுல இருக்கற மஞ்சளைத்தான் ஆளாளுக்கு ஒரு மாதிரி படிக்கறாங்க. பாதிப்பேருக்கு அது 'சீக்கிரம் ஓடு'ன்னு தெரியுது.

என் கட்சியை முதல்லயே சொல்லிடறேன். மஞ்சள் எரிஞ்சா, நிறுத்த முடியற தூரத்துல இருக்கறவங்க நிறுத்தணும். கோட்டுக்கு ரொம்பக் கிட்ட வந்துட்டு, இனி பிரேக் அடிச்சா வண்டி நடுச் சந்திப்புலதான் போய் நிக்கும், இல்லேன்னா பின்னாடி வர்றவன் முட்டிருவான்னு இருக்கறவங்க மட்டும் தாண்டிப் போகலாம். அதுவும் வந்த வேகத்துலயே. ஆக்சிலேட்டரை மிதிக்கறதுக்காக அந்த விளக்கை வைக்கல.

எங்க பக்கம் வாய்க்கால் தண்ணி முறை வச்சுத்தான் பாயும். இன்னாருக்கு இத்தனை மணியில இருந்து இத்தனை மணி வரைக்கும்னு கணக்கு. நேரம் முடிஞ்சா மடையை அடைச்சிடணும். அடைச்ச பிறகும் அதுக்கு இந்தப் பக்கம் ஓடி வந்துட்ட தண்ணி கொஞ்சம் இருக்கும். அது என் காட்டுக்குப் பாஞ்சு முடியும், யாரும் தப்பு சொல்ல மாட்டாங்க. ஆனா 'நேரம் முடியப்போகுதே'ன்னு கடைசி அஞ்சு நிமிஷத்துல மடையை இன்னும் அகலமா வெட்டி விட்டா, அன்னைக்கு சாயங்காலமே பஞ்சாயத்துதான். மஞ்சளும் அப்படித்தாங்க. ஏற்கெனவே மடை தாண்டிட்ட தண்ணிக்கு விட்ட நேரம் அது. புதுசா வெட்டி விடறதுக்கு இல்ல.

அந்த விளக்கு வந்த கதையும் இதையேதான் சொல்லுது. 1914ல அமெரிக்காவுல கிளீவ்லேண்ட் நகரத்துல கரண்ட் சிக்னல் வச்சப்போ, சிவப்பும் பச்சையும் மட்டும்தான். விளக்கு மாறப்போகுதுன்னு சொல்றதுக்கு ஒரு பஸ்ஸர் சத்தம் கொடுப்பாங்க. 1920ல டெட்ராய்ட்ல வில்லியம் பாட்ஸ்னு ஒரு போலீஸ்காரர் மூணாவதா மஞ்சளைச் சேர்த்தார். ஆக, அந்த சத்தம் செஞ்ச வேலையைத்தான் மஞ்சள் செய்யுது: மாறப்போகுது, தயாராகு.

இப்ப ஒரு சின்னக் கணக்கு. 40 கிலோமீட்டர் வேகம்னா ஒரு செகண்டுக்கு சுமார் 11 மீட்டர். மஞ்சளைக் கண்ணு பார்த்து, கால் பிரேக்குக்குப் போக ஒரு செகண்ட் ஆகும். அதுலயே 11 மீட்டர் போச்சு. அப்புறம் பெட்டி சரியாம பதமா பிரேக் பிடிச்சா இன்னொரு 20 மீட்டர். ஆக நிக்கறதுக்கு 31 மீட்டர் வேணும். மஞ்சள் 3 செகண்ட் எரிஞ்சா, அதே வேகத்துல போறவன் 33 மீட்டர் போயிடுவான். டவுன் பஸ் மூணை வரிசையா நிறுத்தினா ஏறக்குறைய அந்த நீளம்தான். அதுக்கு அந்தப் பக்கம் இருக்கறவன் நிதானமா நிக்கலாம், இந்தப் பக்கம் இருக்கறவன் நிதானமாக் கோட்டைத் தாண்டலாம். யாரும் பதற வேண்டியதே இல்ல.

ஆனா இது 40க்குத்தான். 60ல வந்தா நிக்கறதுக்கு 63 மீட்டர் கிட்ட வேணும், 3 செகண்ட்ல போறதோ 50 மீட்டர்தான். நடுவுல ஒரு 13 மீட்டர் இருக்கு பாருங்க, அங்க மாட்டினவன் நிக்கவும் முடியாது, சிவப்பு விழறதுக்குள்ள தாண்டவும் முடியாது. லோடு வண்டின்னா சரக்கு முன்னால தள்ளும், இன்னும் மோசம். அதனால மஞ்சளைப் பார்த்து என்ன செய்யறதுங்கற முடிவை, மஞ்சள் எரியறதுக்கு முன்னாடியே எடுக்கணும். சந்திப்பு கண்ணுக்குத் தெரிஞ்சதும் வேகத்தைக் குறைச்சு, கண்ணாடியைப் பார்த்து பின்னாடி யாரு வர்றாங்கன்னு தெரிஞ்சு வச்சுக்கணும். வண்டிங்க வேகமாப் போற ரோட்டுல மஞ்சளை ஒரு செகண்ட் கூட்டி வைக்கறது சிக்னல் அமைக்கறவங்க பொறுப்பு. அதையும் நாம கேக்கணும்.

"நான் நின்னா பின்னாடி வர்றவன் இடிச்சுருவான்"னு எல்லாரும் சொல்றாங்க. பயம் நியாயமானதுதான். அதுக்கு வழி, கிட்ட வர்றப்பவே பிரேக்கை லேசாத் தொட்டு பின்விளக்கைக் காட்டறது. பின்னாடி லாரி ஒட்டிக்கிட்டு வந்தா, தாண்டற முடிவு சரியாக்கூட இருக்கலாம். ஆனா 60 மீட்டருக்கு அந்தப் பக்கம் இருந்து பறந்து வர்றதுக்கு இது சாக்கு ஆகாது.

இன்னொண்ணு, செகண்ட் காட்டற போர்டு. சிவப்புல 3, 2ன்னு வர்றப்பவே இந்தப் பக்கத்து பைக்குங்க உறுமிக்கிட்டு நகருது. அதே நேரத்துல குறுக்கு ரோட்டுல ஒருத்தர் கடைசி மஞ்சளைப் பிடிக்கப் பறக்கறார். ரெண்டு அவசரமும் சந்திப்பு நடுவுலதான் சந்திக்கும். நடுவுல யாரு இருப்பான்னு நான் எத்தனையோ தடவை பார்த்திருக்கேன்: கூடையோட ரோட்டைத் தாண்டற பாட்டியம்மா, பள்ளிக்கூடப் பையைத் தூக்கிட்டு ஓடற பிள்ளைங்க. எங்க கணக்குல கடைமடைக்காரங்க. மேல யாரு தப்பு பண்ணினாலும் காயறது கடைமடைதான்.

விடியக்காலம் நாலு மணிக்கு லோடு கொண்டு வர்றப்ப பல சிக்னல் மஞ்சள்ல மின்னிக்கிட்டே இருக்கும். அதுக்கு 'இங்க சட்டமே இல்ல, பறக்கலாம்'னு அர்த்தம் இல்லீங்க. வேகத்தைக் குறை, ரெண்டு பக்கமும் பாரு, அப்புறம் போன்னு அர்த்தம். எல்லாப் பக்கமும் மஞ்சள் மின்னறப்ப, எல்லாருமே வழி தனக்குத்தான்னு நினைச்சா என்ன ஆகும்? பால் வண்டியும் பேப்பர் போடற பையனும் அந்த நேரத்துலதான் வர்றாங்க.

மஞ்சளைத் துரத்தினவன் பாதி நேரம் சிவப்புலதான் போய்ச் சேர்றான். 2019ல திருத்தின மோட்டார் வாகனச் சட்டத்துல, சிவப்பைத் தாண்டறது 184வது பிரிவுப்படி ஆபத்தா ஓட்டற குற்றம். முதல் தடவைக்கே 1,000ல இருந்து 5,000 ரூபாய் வரைக்கும் அபராதம். ஆறு மாசம் முதல் ஒரு வருஷம் வரை ஜெயிலும் போடலாம். ஆனா அபராதத்துக்காக மட்டும் நிக்கறவன், போலீஸ் இல்லாத இடத்துல நிக்க மாட்டான்.

நின்னா என்ன நஷ்டம்? ஒரு நிமிஷம், மிஞ்சினா ஒன்றரை நிமிஷம். ராத்திரி பறிச்ச தக்காளி ஒன்றரை நிமிஷத்துல அழுகிடாது. ஏலத்துக்கு ஓடற எனக்கே அது கட்டுபடி ஆகுதுன்னா, ஆபீஸ் போற உங்களுக்கும் ஆகும்.

உங்ககிட்ட ஒரே ஒரு வேண்டுதல். மஞ்சளைப் பார்த்து முன்னாடி ஒரு குட்டியானை நின்னா, பின்னாடி இருந்து ஹாரன் அடிக்காதீங்க. அந்தச் சத்தத்துக்குப் பயந்துதான் நிக்க நினைக்கற பலபேர் மிதிச்சுட்டுப் போயிடறாங்க. டிரைவிங் புதுசாப் படிக்கற பிள்ளைங்க வீட்டுல இருந்தா, மூணு பஸ் நீளக் கணக்கையும் ஒரு தடவை சொல்லிக் குடுங்க.