நெல் மூழ்கினால் உங்கள் வயலுக்கே இழப்பீடு: திரும்பி வரும் காப்பீட்டு விதி

பயிர்க் காப்பீட்டில் நெல் விவசாயிகளிடமிருந்து 2018-ல் பறிக்கப்பட்ட ஒரு பாதுகாப்பு திரும்பி வருகிறது. வெள்ளம் தேங்கி நெல் மூழ்கினால், அந்த வயலைத் தனியாக ஆய்வு செய்து இழப்பீடு தருவதற்கான விதியை மீண்டும் சேர்ப்பதாக மத்திய வேளாண் அமைச்சகம் 2025 நவம்பர் 18 அன்று அறிவித்தது. 2026 காரீப் பருவம் முதல் இது நடைமுறை. ஆகவே, அறிவிப்பு வந்த சில நாட்களிலேயே டிட்வா புயல் மழையில் டெல்டாவில் மூழ்கிய சம்பாவுக்கு இது பொருந்தாது.

பிரதமரின் பயிர்க் காப்பீட்டுத் திட்டம் 2016-ல் வந்தபோது ஆலங்கட்டி மழை, நிலச்சரிவு ஆகியவற்றுடன் வெள்ளத்தில் மூழ்குவதும் தனி வயல் பாதிப்பாகவே இருந்தது. 2018-ல் நெல், கரும்பு, சணல் போன்ற பயிர்களுக்கு மட்டும் அதை எடுத்துவிட்டார்கள். மூழ்கிய பயிரின் சேதத்தை மதிப்பிடுவது கடினம், பொய்யாகவும் கேட்பார்கள் என்று காரணம் சொல்லப்பட்டது. நெல் தண்ணீரில் வளரும் பயிர்தான். ஆனால் கதிர் மட்டத்துக்கு மேல் ஐந்து நாள் தண்ணீர் நின்றால் என்ன ஆகும் என்பது நட்டவருக்குத் தெரியும்.

அதனால் யாருக்கு நட்டம் என்று ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். நெல்லுக்கு வருவாய் கிராமம்தான் அளவு. கிராமத்தில் நான்கு இடங்களில் அறுவடைப் பரிசோதனை செய்து சராசரி எடுப்பார்கள். அது உத்தரவாத மகசூலுக்குக் கீழே போனால்தான் பணம். உத்தரவாத மகசூல் ஏக்கருக்கு 2,000 கிலோ என்று வைத்துக்கொள்வோம். ஊரில் 100 ஏக்கர் நெல். பள்ளத்தில் இருக்கும் 20 ஏக்கர் முழுவதும் அழிந்துவிட்டது. மேட்டில் இருக்கும் 80 ஏக்கரில் 2,500 கிலோ விளைந்தது. சராசரி சரியாக 2,000. பள்ளத்துக்காரர்கள் பிரீமியம் கட்டியிருந்தும் ஒரு ரூபாய் வராது.

வறட்சி வந்தால் ஊரே காயும். வெள்ளம் அப்படியல்ல, வரப்புக்கு வரப்பு வித்தியாசம் காட்டும். வெள்ளாற்றை ஒட்டியோ கொள்ளிடக் கரையிலோ ஏரியின் வடிகால் ஓரத்திலோ நிலம் வைத்திருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 2018 ஆகஸ்டிலும் 2022 ஆகஸ்டிலும் மேட்டூரிலிருந்து சுமார் 2 லட்சம் கன அடி திறந்துவிட்டபோது கொள்ளிடத்தில் தண்ணீர் எப்படிப் போனது என்பதை திருமானூர், தா.பழூர் பக்கத்தார் பார்த்திருக்கிறார்கள்.

இப்போதே மகிழ்ந்துவிட வேண்டாம். 2020-ல் திட்டத்தை மாற்றியபோது, தனி வயல் பாதிப்பு போன்ற கூடுதல் பாதுகாப்புகளை எடுத்துக்கொள்வதா வேண்டாமா என்பதை மாநிலங்களின் விருப்பத்துக்கு விட்டார்கள். கூடுதலாகச் சேர்த்தால் மொத்த பிரீமியம் ஏறும். ஏறும் தொகையில் மாநிலமும் பங்கு போட வேண்டும். விவசாயியின் பங்கு மாறாது: சம்பாவுக்கு 1.5 சதவீதம், காரீப் பயிருக்கு 2 சதவீதம். ஆகவே நீங்கள் பார்க்க வேண்டியது டெல்லி அறிவிப்பை அல்ல, நம் மாநில அரசு அந்தப் பருவத்துக்கு வெளியிடும் அறிவிக்கையை. அதில் அரியலூர் அல்லது பெரம்பலூர் மாவட்டத்துக்கு எதிரே, நெல்லுக்கு, 'வெள்ளத்தில் மூழ்குதல்' என்ற வரி இருக்கிறதா? வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்தில் கேட்டால் சொல்வார்கள். விவசாய சங்கங்கள் இப்போது கேட்க வேண்டிய கோரிக்கையும் இதுதான். குறைதீர் கூட்டத்தில் மனுவாகக் கொடுங்கள்.

வரி இருந்தாலும் பணம் தானாக வராது. பயிர் பாதித்த 72 மணி நேரத்துக்குள் நீங்கள்தான் தெரிவிக்க வேண்டும். பயிர்க் காப்பீட்டுச் செயலியில் பதியலாம், அல்லது 14447 என்ற கட்டணமில்லா எண்ணில் சொல்லலாம். நடைமுறையில் தகராறு வருவது சர்வே எண்ணில்தான். மூன்று துண்டு நிலத்தில் ஒன்றை மட்டும் பதிந்துவிட்டு, மூழ்கியது இன்னொன்று என்றால் ஒன்றும் செய்ய முடியாது. அடங்கலில் உள்ள சர்வே எண், உட்பிரிவு, பரப்பு மூன்றும் காப்பீட்டு ரசீதில் அப்படியே இருக்கிறதா என்று இ-சேவை மையத்தைவிட்டு வருவதற்கு முன்பே பாருங்கள். படம் எடுக்கும்போது வயலுக்குள் அல்லது வரப்பில் நின்று, போனில் இருப்பிடத்தை இயக்கிவிட்டு எடுங்கள். சாலையில் நின்று எடுத்தால் அது சாலையின் இடத்தைத்தான் காட்டும். தண்ணீர் நிற்கும்போது ஒன்று, வடிந்து பயிர் அழுகியபின் ஒன்று எடுத்து வையுங்கள்.

தகவல் வந்த 48 மணி நேரத்தில் மதிப்பீட்டாளரை நியமிக்க வேண்டும், பத்து நாளில் ஆய்வு முடிய வேண்டும் என்பது விதி. ஆய்வின்போது நீங்களும் வயலில் இருங்கள். முழுக் காப்பீட்டுத் தொகை கிடைக்கும் என்று எண்ணாதீர்கள்; அதுவரை செய்த சாகுபடிச் செலவின் விகிதத்தில்தான் கணக்கு. நட்டு ஒரு மாதத்தில் மூழ்கினால் குறைவு, கதிர் வந்தபின் மூழ்கினால் கூடுதல். பருவ முடிவில் கிராமச் சராசரிப்படி அதிகம் வந்தால், வித்தியாசத் தொகையும் உண்டு.

ஆலத்தியூர் பக்கம் மானாவாரியில் மக்காச்சோளமும் பருத்தியும் போடுகிறவர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். 2018-ல் நீக்கப்பட்டது நெல் போன்ற, தண்ணீர் தாங்கும் பயிர்களுக்குத்தான். மக்காச்சோளத்துக்கும் பருத்திக்கும் அந்த விலக்கு இல்லை. ஆகவே அவற்றுக்கும் அறிவிக்கையில் என்ன இருக்கிறது என்று சேர்த்தே கேளுங்கள்.

அதே நவம்பர் அறிவிப்பில் வனவிலங்கு சேதமும் சேர்க்கப்பட்டிருக்கிறது. எந்தெந்த விலங்குகள், எந்தெந்தப் பகுதிகள் என்ற பட்டியலை மாநிலமே முடிவு செய்யும், பழைய சேதப் பதிவுகளை வைத்து. காட்டுப்பன்றி மக்காச்சோளத்தை உருட்டிவிட்டுப் போனால் நம்மில் பெரும்பாலோர் எங்கும் எழுதிக் கொடுப்பதில்லை. விதைச் செலவு போனது என்று விட்டுவிடுகிறோம். பதிவே இல்லாத ஊர் பட்டியலில் எப்படி வரும்? இந்தப் பருவத்தில் பன்றி இறங்கினால் வனத்துறையிலும் வேளாண் அலுவலகத்திலும் மனு கொடுத்து, ரசீது வாங்கி வையுங்கள்.