பொன்னாடைக்குப் போன காசு

பள்ளிக்கூடக் கழிப்பறைக்குக் கதவு போடப் பணம் திரட்ட எங்க ஊர்ல கபடிப் போட்டி நடத்தினோம். ஒரு ஆட்டம் இடைவேளை போக 40 நிமிஷம்தான். நன்கொடை கொடுத்தவங்களுக்கும் விருந்தினருக்கும் நன்றி சொல்லவோ ஒன்றரை மணி நேரம்! பசங்க மேலெல்லாம் மண்ணோட உட்கார்ந்து கொட்டாவி விட்டாங்க.

நன்றி சொல்லணும், நான் மறுக்கல. ஆனா 32 பொன்னாடை, ஒண்ணு 150 ரூபா, மொத்தம் 4,800. கதவுக்குன்னு வந்த காசுங்க அது! 500 கொடுத்தவருக்கு 150-ஐத் திருப்பிப் போர்த்துறது என்ன தர்மம்? அறுப்பு முடிஞ்ச வயலை ஆட விட்டவரையும், சோறு பொங்கின பொம்பளைங்களையும் மேடையில ஒருத்தரும் சொல்லல.

எனக்கும் போர்த்தினாங்க. கூச்சத்துல வாங்கிக்கிட்டேன், தப்புதான். மறுநாளே 150 ரூபாயைத் தலைமையாசிரியர்கிட்ட கொடுத்துட்டேன். மத்த 31 பேரும் யோசிங்க. கதவு இன்னும் வரல.