சந்தாவைத் தின்றது யார்?

போன ஞாயிற்றுக்கிழமை செஞ்சி பேருந்து நிலையத்துக்கு எதிரே டீ குடிக்கும்போது, ஒரகடத்தில் வேலை பார்க்கும் என் அக்கா மகனிடம் "சங்கத்துல சேந்துட்டியாடா?" என்றேன். "எதுக்கு மாமா? கட்டுற சந்தா தலைவரு வூட்டு மாடிக்குத்தான் போவும்" என்றான். பக்கத்தில் நின்றவர்கள் தலையாட்டினார்கள். இந்தப் பேச்சைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது.

எந்த மாடி? 2025 நவம்பர் வரை நடப்பில் இருந்த, 2001இல் திருத்திய தொழிற்சங்கச் சட்டம் வைத்திருந்த குறைந்தபட்சச் சந்தா, ஆலைத் தொழிலாளிக்கு ஆண்டுக்கு 12 ரூபாய்தான். கிராமத் தொழிலாளிக்கு 1 ரூபாய். அதில் செங்கல் வாங்க முடியுமா? வழக்கு, விபத்து, சாவு, முதுமை, பிள்ளைகள் படிப்பு என்று எதற்குச் செலவிடலாம் என்பதை 1926ஆம் ஆண்டின் அந்தச் சட்டமே வகுத்திருந்தது. அரசியலுக்குத் தனி நிதி. அதற்குக் கொடு என்று யாரையும் கட்டாயப்படுத்த முடியாது. ஆண்டுதோறும் தணிக்கைக் கணக்கைப் பதிவாளரிடம் கொடுக்க வேண்டும். கணக்குப் புத்தகத்தைப் பார்க்க உறுப்பினருக்கு உரிமை உண்டு. பார்த்தவர் எத்தனை பேர்?

சுங்குவார்சத்திரம் சாம்சங் ஆலையைப் பாருங்கள். 2024 செப்டம்பரில் தொடங்கி ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் 37 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். முதல் கோரிக்கையே சங்கத்துக்கு அங்கீகாரம். சந்தா ஏமாற்று வேலை என்றால், சந்தா கட்டும் உரிமைக்காக 37 நாள் கூலியை எவனாவது இழப்பானா? வெறும் வசூல் கும்பல் என்றால், அவ்வளவு பெரிய நிறுவனம் அதை ஏற்க ஏன் அப்படித் தயங்கியது? 37 நாள்! 2025 ஜனவரியில் சங்கம் பதிவானது. மாடி கட்டவா அவர்கள் வெயிலில் உட்கார்ந்தார்கள்?

வேலை வாங்கித் தர ஏஜென்ட் பிடுங்கும் பணத்துக்கு ரசீது உண்டா? ஒப்பந்தக்காரர் மாதாமாதம் பிடித்துக்கொள்ளும் கமிஷனுக்குக் கணக்கு உண்டா? அங்கே வாய் திறக்காதவர்கள்தான் சங்கச் சந்தாவுக்குக் கணக்குக் கேட்கிறார்கள். நெல் மண்டியில் 75 கிலோ மூட்டை தூக்கி இடுப்பு விட்டுப்போனவருக்கு எந்த ஏஜென்ட் வந்து கைகொடுத்தான்?

தின்கிற தலைவன் இருந்தால் அவனைக் கூட்டத்தில் நிறுத்திக் கேள்வி கேளுங்கள். வெளியில் நின்று ஏசுகிறவனுக்கு அந்த உரிமை இல்லை. தம்பிமாரே, சந்தா கட்டுங்கள், ரசீது வாங்குங்கள், ஆண்டுக் கூட்டத்தில் எழுந்து கணக்குக் கேளுங்கள்.