டெமோவில் ஓடுவது உங்கள் டேட்டா அல்ல: கிளவுட் டேட்டா மென்பொருள் வாங்கும் முன் என்ன பார்க்க வேண்டும்?

டெமோ என்றால் எல்லாமே சூப்பராகத்தான் ஓடும். வெண்டர் கொண்டுவரும் டேட்டா சுத்தமாக இருக்கும், டேஷ்போர்டு பளிச்சென்று திறக்கும், கேள்வி கேட்டால் இரண்டே நொடியில் பதில் வரும். கூட்டம் முடிவதற்குள் ‘வாங்கிடலாமே’ என்று யாராவது சொல்லியிருப்பார்கள். கையெழுத்துப் போடுவது மேலதிகாரியாக இருக்கலாம். ஆனால் ‘இது நமக்குச் சரிப்படுமா, பாத்துச் சொல்லுப்பா’ என்ற வேலை பெரும்பாலும் டீமில் இருக்கும் இளம் பொறியாளருக்கோ அனலிஸ்ட்டுக்கோதான் வரும். மூன்று மாதம் கழித்து பில் எகிறும்போது கேள்வியும் அவரிடம்தான் வரும்.

அதனால், டெமோவில் காட்டப்படாத நான்கு விஷயங்களைப் பார்ப்போம்.

முதலில், இது என்ன மென்பொருள்?

ஒரு நிறுவனத்தின் டேட்டா பல இடங்களில் சிதறிக் கிடக்கும். பில்லிங் ஒரு பக்கம், மொபைல் ஆப் ஒரு பக்கம், கிடங்குக் கணக்கு எக்செல்லில். இவற்றை ஓரிடத்துக்குக் கொண்டுவந்து, சுத்தம் செய்து, சரிபார்த்து, உரியவர்களுக்கு மட்டும் காட்டுவதுதான் டேட்டா ஆபரேஷன்ஸ். கூகுளின் பிக்குவெரி, ஸ்னோஃப்ளேக், டேட்டாபிரிக்ஸ், மைக்ரோசாஃப்ட் ஃபேப்ரிக், அமேசானின் ரெட்ஷிஃப்ட் எல்லாம் இந்தச் சந்தையில் இருப்பவை. எல்லாமே திறமையான மென்பொருள்கள்தான். எது பெரியது என்று கேட்பதைவிட, உங்கள் வேலைக்கு எது எப்படி நடந்துகொள்ளும் என்று கேட்பதே உதவும்.

ஒன்று: பில் எப்படி ஏறுகிறது?

விலைப்பட்டியலைப் படித்தால் மட்டும் போதாது. எந்தச் செயலுக்குக் காசு போகிறது என்று தெரிய வேண்டும்.

பிக்குவெரியின் ‘ஆன்-டிமாண்ட்’ முறையில், கேள்வி எவ்வளவு டேட்டாவைப் படிக்கிறதோ அதற்குத்தான் காசு. அமெரிக்க ரீஜனில் ஒரு டெராபைட்டுக்கு 6.25 டாலர், மாதத்தின் முதல் டெராபைட் இலவசம். கேட்கச் சின்னத் தொகைதான். இப்போது கணக்குப் போடுங்கள். ஒரு வருட விற்பனை டேட்டா, 2 டெராபைட். புது டேட்டா சேரச்சேர, ஒரு டேஷ்போர்டு மணிக்கொரு முறை அந்த டேபிள் முழுவதையும் படிக்கிறது. 2 பெருக்கல் 24 பெருக்கல் 30, அதாவது மாதம் 1,440 டெராபைட். பில் சுமார் 9,000 டாலர். டாலர் 85 ரூபாய் என்று வைத்தாலே 7.65 லட்சம்!

அதே டேபிளைத் தேதிவாரியாகப் பிரித்து, அன்றைய டேட்டாவை மட்டும் படிக்கச் சொன்னால் பில் 25 டாலருக்குள் முடிந்துவிடும். மென்பொருள் அதேதான், எழுதிய விதம்தான் வேறு. ‘10 வரி மட்டும் காட்டு’ என்று கேட்டாலும், சாதாரண டேபிளில் கேட்ட நெடுவரிசைகள் முழுசாகப் படிக்கப்படும் என்பதையும் மறக்கக் கூடாது.

ஸ்னோஃப்ளேக்கில் கணக்கு வேறு. அங்கே கணினித் திறன் ஓடும் நேரத்துக்குக் காசு. நொடிக் கணக்குதான், ஆனால் ஒவ்வொரு முறை எழுப்பும்போதும் குறைந்தது 60 நொடிக்குக் கட்டணம். நிமிடத்துக்கு ஒரு முறை 5 நொடிக் கேள்வி ஒன்று ஓடினால், அது தூங்கவே தூங்காது. முழு மணி நேரத்துக்கும் பில் வரும்.

எனவே வெண்டரிடம் கேட்க வேண்டியது: செலவுக்கு உச்சவரம்பு வைக்க முடியுமா? வரம்பைத் தொட்டால் வேலையை நிறுத்துமா, வெறும் மெயில் மட்டும் அனுப்புமா? இரண்டுக்கும் வித்தியாசம் பெரிது.

இரண்டு: உடைந்தால் என்ன ஆகும்?

‘99.9 சதவீதம் இயங்கும்’ என்ற உறுதிமொழி நம்பிக்கையாக ஒலிக்கும். 30 நாள் மாதத்தில் அது 43 நிமிட நிறுத்தத்தை அனுமதிக்கிறது. அதைத் தாண்டினாலும் பொதுவாகக் கிடைப்பது அடுத்த பில்லில் ஒரு சிறு கழிவு. உங்கள் வியாபார நஷ்டத்துக்கு அது ஈடாகாது.

2024 மே மாதம் ஆஸ்திரேலியாவில் நடந்ததைப் பாருங்கள். யூனிசூப்பர் என்ற ஓய்வூதிய நிதியத்தில் 6 லட்சத்துக்கும் மேற்பட்ட உறுப்பினர்கள். கூகுள் கிளவுடில் நடந்த ஒரு அமைப்புப் பிழையால் அதன் பிரைவேட் கிளவுட் சந்தாவே அழிந்துபோனது. இரண்டு இடங்களில் நகல் வைத்திருந்தார்கள். சந்தா அழிந்தபோது இரண்டுமே சேர்ந்து போயின. வேறொரு சேவை நிறுவனத்திடம் வைத்திருந்த பேக்அப் மீட்புக்குப் பெரிதும் கைகொடுத்தது. ஒரே கணக்குக்குள் இருக்கும் இரண்டு நகல், ஒரே சாவிக்கொத்தில் இருக்கும் இரண்டு சாவி மாதிரி.

தவறுதலாக அழித்ததை மீட்கும் கால அளவையும் பாருங்கள். பிக்குவெரியில் அது இயல்பாக 7 நாள். ஸ்னோஃப்ளேக்கின் ஸ்டாண்டர்டு பதிப்பில் 1 நாள், என்டர்பிரைஸில் 90 நாள் வரை. வெள்ளிக்கிழமை மாலை அழிந்த டேபிளைத் திங்கள் காலைதான் கவனிப்பீர்கள் என்றால், இந்த ஒரு வரி முக்கியம்.

மூன்று: வெளியே வர முடியுமா?

உள்ளே போவதற்கு எல்லோரும் உதவுவார்கள். 2024 தொடக்கத்தில் கூகுள், அமேசான், மைக்ரோசாஃப்ட் மூன்றுமே, முழுமையாக வெளியேறும் வாடிக்கையாளருக்கு டேட்டா வெளியேற்றக் கட்டணம் இல்லை என்று அறிவித்தன. ஐரோப்பிய ஒன்றியத்தின் டேட்டா சட்டம் 2025 செப்டம்பர் 12 முதல் அமலில் இருக்கிறது. 2027 ஜனவரி 12-க்குப் பிறகு மாறுவதற்கான கட்டணமே அங்கே கூடாது. இங்கே அந்த உரிமையை ஒப்பந்தத்தில் எழுதி வாங்கிக்கொள்வதுதான் புத்திசாலித்தனம்.

உண்மையான பூட்டு வேறு இடத்தில் இருக்கிறது. டேட்டாவை பார்க்கே, ஐஸ்பெர்க் போன்ற திறந்த வடிவங்களில் எடுத்துவிடலாம். ஆனால் இரண்டு வருடமாக வெண்டரின் சொந்தத் திரையில் இழுத்து இழுத்துக் கட்டிய பைப்லைன்கள், அனுமதி விதிகள், தரச் சோதனைகள்? அவை அங்கேயே தங்கிவிடும். முடிந்தவரை எஸ்கியூஎல், பைத்தான் போன்ற பொது மொழிகளில் எழுதி, சொந்தக் களஞ்சியத்தில் வைத்திருப்பவருக்கே பேரம் பேசும் பலம் இருக்கும்.

நான்கு: பொறுப்பு யாருடையது?

2024-ல் ஸ்னோஃப்ளேக் வாடிக்கையாளர்கள் பலரின் டேட்டா திருடப்பட்டது. விசாரித்த மாண்டியன்ட் நிறுவனம், ஸ்னோஃப்ளேக்கின் அமைப்பே உடைக்கப்பட்டதற்கு ஆதாரம் இல்லை என்றது. வாடிக்கையாளர் தரப்பில் திருடுபோன பாஸ்வேர்டுகளே காரணம். பாதிக்கப்பட்ட கணக்குகளில் இரண்டாம் அடையாளச் சோதனை இல்லை. சுமார் 165 நிறுவனங்கள் எச்சரிக்கப்பட்டன. பூட்டு நன்றாகத்தான் இருந்தது, சாவிதான் தெருவில் கிடந்தது.

இந்தியச் சட்டமும் இதையே சொல்கிறது. 2023-ம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் டேட்டா பாதுகாப்புச் சட்டப்படி, வேலையை வெளியாளிடம் கொடுத்தாலும் பொறுப்பு உங்கள் நிறுவனத்துடையது. பாதுகாப்பில் தவறினால் அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம். இணையப் பாதுகாப்புச் சம்பவங்களை 6 மணி நேரத்தில் தெரிவிக்க வேண்டும் என்பது செர்ட்-இன் அமைப்பின் 2022 உத்தரவு. அதனால் வெண்டர் உங்களுக்கு எத்தனை மணி நேரத்தில் சொல்வார் என்பது ஒப்பந்தத்தில் இருந்தே ஆக வேண்டும்.

அப்போ என்னதான் செய்வது?

இரண்டு வாரம் சோதனை ஓட்டம் கேளுங்கள். உங்கள் சொந்த டேட்டாவின் மோசமான பகுதியை, தனிநபர் விவரங்களை மறைத்துவிட்டு, அதில் போடுங்கள். இனிஷியல் ஒரு பதிவில் முன்னால், இன்னொன்றில் பின்னால். ஒருவரே தமிழிலும் ஆங்கிலத்திலுமாக இரண்டு முறை. 03/04 என்றால் மார்ச்சா ஏப்ரலா என்று தெரியாத தேதிகள். நம் ஊர் டேட்டா இப்படித்தான் இருக்கும்.

பிறகு வேண்டுமென்றே உடைத்துப் பாருங்கள். பைப்லைனைப் பாதியில் நிறுத்தி மறுபடி ஓட்டுங்கள், வரிகள் இரட்டிக்கிறதா? ஒரு நெடுவரிசையின் பெயரை மாற்றுங்கள். யாருக்கு எச்சரிக்கை வருகிறது? ஒரு டேபிளை அழித்து மீட்டெடுங்கள். கடைசி நாளில் எல்லாவற்றையும் வெளியே எடுங்கள், நேரத்தையும் செலவையும் குறித்துக்கொள்ளுங்கள்.

இதற்கெல்லாம் சம்மதிக்கும் வெண்டரிடம் தயங்காமல் பேச்சைத் தொடரலாம். ‘அதெல்லாம் வாங்கின பிறகு பாத்துக்கலாம் சார்’ என்று சொன்னால், அந்த பதிலையும் மதிப்பீட்டு அறிக்கையில் ஒரு வரியாக எழுதி மேலே அனுப்புங்கள்.